கட்டி தட்டிய யூரியா: 60 சதவீத ஈரப்பதத்தில் நடந்தது என்ன?

ஒரே கிடங்கு. ஒரே உயரத்துக்கு அடுக்கிய இரண்டு தொகுதிக் குருணை யூரியா. முதல் தொகுதியில் எந்த மூட்டையைப் பிரித்தாலும் சரசரவென்று கொட்டியது. இரண்டாவது தொகுதியில் பாதிக்கு மேல் கல்லாக இறுகிக் கிடந்தது. மூட்டையைத் தூக்கித் தரையில் போட்டால் ஓரங்கள் உதிர்ந்தனவே தவிர, நடுக்கட்டி உடையவில்லை. இரண்டு தொகுதிக்கும் தரச் சான்றிதழில் நீர்ச்சத்து அரை சதவீதத்துக்குக் கீழே. பையும் ஒன்று, உள்ளே இருந்த பாலித்தீன் உறையும் ஒன்று. கிடங்கில் தொங்கிய பதிவுக் கருவி, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டியே இருந்ததாகக் காட்டியது. அது 70 வரை ஏறிய நேரம் மிகக் குறைவு.

யூரியா கட்டி தட்டுவது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் புதிதல்ல. ஆனால் 60 சதவீதக் காற்றில் சுத்தமான யூரியா தண்ணீரை இழுக்கக் கூடாது. இழுத்திருக்கிறது என்றால், கருவி தவறாகக் காட்டியிருக்க வேண்டும், அல்லது மூட்டைக்குள் இருப்பது வெறும் யூரியாவாக இருக்கக் கூடாது. மாதிரிகள் ஆய்வகத்துக்கு வந்தபோது எங்கள் முன் இருந்த கேள்வி இதுதான்.

கட்டி தட்டினாலும் உரத்தில் உள்ள நைட்ரஜன் எங்கும் போய்விடாது, 46 சதவீதம் அப்படியேதான் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கட்டியை உடைத்தால் தூளும் சில்லும் கலந்து வரும். அது உரமிடும் கருவியின் குழாயில் அடைக்கும், வயலில் ஓரிடத்தில் குவிந்து இன்னோர் இடத்தில் இல்லாமல் போகும். இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 1921 செப்டம்பர் 21 அன்று ஜெர்மனியின் ஓப்பாவ் தொழிற்சாலையில், அம்மோனியம் சல்ஃபேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் சுமார் 4,500 டன் கிடங்கில் இறுகிக் கிடந்தது. வழக்கம்போல வெடி வைத்து அதைத் தளர்த்தப் போனபோது அந்த உரமே வெடித்தது. 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யூரியா அந்த வகைப் பொருள் அல்ல. இருந்தாலும் உரம் இறுகுவதைப் பார்வைக்கு மட்டும் உள்ள குறை என்று யாராவது சொல்லும்போது எனக்கு ஓப்பாவ்தான் நினைவுக்கு வரும்.

72.5 என்ற எண்

நீரில் கரையும் ஒவ்வொரு படிகப் பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் அந்த எல்லைக்குக் கீழே இருக்கும் வரை படிகம் உலர்ந்தே இருக்கும். மேற்பரப்பில் சில மூலக்கூறு அடுக்குகள் அளவுக்கு நீர் ஒட்டியிருக்கலாம், அவ்வளவுதான். எல்லையைத் தாண்டியதும் படிகம் காற்றிலிருந்து நீரை இழுத்து அதிலேயே கரையத் தொடங்கும். இதை மாறுநிலை ஈரப்பதம் என்கிறோம். அந்தப் பொருளின் தெவிட்டிய கரைசலை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்தால், மேலே உள்ள காற்று எந்த ஈரப்பதத்தில் நிலைபெறுகிறதோ அதுவேதான் இந்த எண்.

30 டிகிரி செல்சியஸில் யூரியாவுக்கு இது 72.5 சதவீதம். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 59.4, அம்மோனியம் சல்ஃபேட்டுக்கு 79.2, பொட்டாஷுக்கு, அதாவது பொட்டாசியம் குளோரைடுக்கு, 84. கால்சியம் நைட்ரேட் 46.7லேயே கரையத் தொடங்கிவிடும். மோனோ அம்மோனியம் பாஸ்ஃபேட் 91 வரை தாங்கும்.

வெப்பநிலையைச் சொல்லாமல் இந்த எண்களைச் சொல்லக் கூடாது. 20 டிகிரியில் யூரியாவின் எல்லை சுமார் 80 சதவீதம். 30 டிகிரியில் அது 72.5 ஆக இறங்கிவிடுகிறது. பொட்டாஷ் இந்த விஷயத்தில் ஏறக்குறைய அசையாது. ஆகவே 20 டிகிரியில் எடுத்த அளவை வைத்து வெப்பமான கிடங்குக்குத் தீர்ப்புச் சொல்வது யூரியாவைப் பொறுத்தவரை ஆபத்தானது. இந்த நிகழ்வில் கடைசிச் சோதனை ஒன்றைத் தவிர எல்லா அளவீட்டையும் 30 டிகிரியில்தான் செய்தோம்.

முதலில் சந்தேகப்பட்டவை

பையில் ஓட்டை இருக்கலாம் என்றார்கள். கட்டியான மூட்டைகளின் உள்ளுறைகள் முழுதாகவே இருந்தன. அடுக்கின் எடை அழுத்தியிருக்கலாம் என்றார்கள். அழுத்தம் கட்டியை மோசமாக்கும், அடி வரிசை மூட்டைகள் அதிகம் இறுகியிருந்ததும் உண்மை. ஆனால் பக்கத்திலேயே அதே உயரத்தில் அடுக்கியிருந்த முதல் தொகுதியின் அடி மூட்டைகள் நன்றாக இருந்தனவே!

இரவில் பைக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து, அதன் ஈரம் குருணை மேல் படிந்திருக்கலாம் என்பது மூன்றாவது சந்தேகம். கேட்கப் பொருத்தமாக இருக்கும், ஆனால் கணக்குப் போட்டால் நிற்காது. 50 கிலோ யூரியா மூட்டையில் குருணைகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் 30 லிட்டர் அளவுக்கு வரும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 18 கிராம். அப்படியானால் மூட்டைக்குள் உள்ள காற்றில் மொத்தமாக அரை கிராம் நீர்தான் இருக்கிறது. 50 கிலோவை இறுக்க அது போதாது. அதே சமயம், குருணைகளுக்குள் 0.3 சதவீதம் நீர் இருந்தால்கூட அது 150 கிராம். தண்ணீர் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை, மூட்டைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அது ஏன் ஒரு தொகுதியில் மட்டும் குருணையின் மேற்பரப்புக்கு வந்து வேலையைக் காட்டியது என்பதுதான் புதிர்.

சான்றிதழில் இருந்த எண் ஏன் கைகொடுக்கவில்லை

நீர்ச்சத்து சதவீதம், பொருளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று சொல்லும். அந்த நீர் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. அதை அளக்கும் விதத்திலும் சிக்கல் உண்டு. மாதிரியை 105 டிகிரி அடுப்பில் வைத்து எடைக் குறைவைப் பார்ப்பது பல பொருட்களுக்குச் சரி. யூரியாவை அப்படிச் சூடாக்கினால் அது மெல்லச் சிதையத் தொடங்கும், அம்மோனியா வெளியேறும். எடை குறைந்தது நீரால்தானா என்று அப்புறம் சொல்லவே முடியாது. மெக்னீசியம் சல்ஃபேட் போன்றவற்றில் வேறொரு பிரச்சினை. அதன் ஏழு நீர் மூலக்கூறு கொண்ட வடிவத்தில் எடையில் பாதிக்கு மேல் படிக நீர். அந்த நீர் படிகத்தின் அங்கமாகவே இருப்பதால், அது இருப்பதை வைத்து மட்டும் உப்பு ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

அதனால் யூரியாவுக்குக் கார்ல் ஃபிஷர் முறையைத்தான் நம்புகிறோம். 1935இல் வெளியான அந்த முறையில் அயோடின் நீரோடு வினைபுரிகிறது, எவ்வளவு அயோடின் செலவானது என்பதிலிருந்து நீரைக் கணக்கிடுகிறோம். இரண்டு தொகுதிகளையும் இந்த முறையில் அளந்தோம். சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. சான்றிதழ் பொய் சொல்லவில்லை. அது பதில் சொன்ன கேள்விதான் வேறு.

தராசுக்குள் வானிலை

அடுத்து டிவிஎஸ் கருவிக்குப் போனோம். டைனமிக் வேப்பர் சார்ப்ஷன் என்பதன் சுருக்கம் அது. மைக்ரோகிராம் வரை உணரும் தராசு ஒன்று, வெப்பநிலை மாறாத அறைக்குள் இருக்கும். உலர்ந்த நைட்ரஜனையும் நீராவி நிறைந்த நைட்ரஜனையும் வேண்டிய விகிதத்தில் கலந்து மாதிரியின் மேல் ஓடவிட்டால், 0 முதல் 90 சதவீதத்துக்கும் மேல் வரை எந்த ஈரப்பதத்தையும் உண்டாக்கலாம். மாதிரி எவ்வளவு நீரை ஏற்கிறது, எவ்வளவை விடுகிறது என்பதைத் தராசு இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கும்.

அளப்பதற்கு முன் கருவியைச் சோதித்தாக வேண்டும். சோடியம் குளோரைடு படிகத்தை வைத்து ஈரப்பதத்தை மெதுவாக ஏற்றுவோம். 75 சதவீதத்தை ஒட்டி எடைக்கோடு திடீரென்று மேலே திரும்ப வேண்டும். இந்த எண் 20 முதல் 30 டிகிரி வரை ஏறக்குறைய மாறாது என்பதால் நல்ல அளவுகோல். அது 73லோ 77லோ திரும்பினால் முதலில் கருவியைத்தான் சரிசெய்ய வேண்டும், உரத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

ஓட்டும் முறையிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வழக்கமாக ஈரப்பதத்தை 10 சதவீதப் படிகளாக ஏற்றி, எடை மாறும் வேகம் நிமிடத்துக்கு 0.002 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் அடுத்த படிக்குப் போகச் சொல்வோம். எல்லைக்குக் கீழே இது நன்றாக வேலை செய்யும். எல்லையைத் தாண்டிய பொருள் முழுவதும் கரைந்து, அதற்கு மேலும் நீர்த்துக்கொண்டே போகும். வேகம் குறைய வெகுநேரம் ஆகும். அதனால் ஒவ்வொரு படிக்கும் உச்ச நேரம் ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும். அந்தப் பகுதியில் கிடைக்கும் வேகத்தைப் பொருளின் குணம் என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. கிண்ணத்தின் வடிவம், வாயு ஓடும் வேகம், மாதிரி பரவியிருக்கும் பரப்பு எல்லாமே அந்த வேகத்தில் கலந்திருக்கும். எந்த ஈரப்பதத்தில் கோடு திரும்புகிறது என்பதுதான் நம்பத்தக்கது.

சரி, கட்டியான தொகுதியிலிருந்து முழுக் குருணை ஒன்றை எடுத்து வைத்தோம். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள குருணை சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். கருவிக்குத் தேவையான மாதிரி அளவே கிட்டத்தட்ட அதுதான். கோடு 70 வரை தட்டையாகக் கிடந்தது, அதற்கு மேல் திரும்பியது. நல்ல யூரியா எப்படி நடக்க வேண்டுமோ அப்படி. நல்ல தொகுதியின் குருணையும் இதையேதான் காட்டியது.

ஆய்வு இந்த இடத்தோடு முடிந்திருந்தால், கிடங்கைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். ஆனால் குருணை எங்கே ஒட்டிக்கொள்கிறது? இரண்டு குருணைகள் தொடும் புள்ளியில். அந்தப் புள்ளியில் உள்ள பொருளின் எடை, குருணையின் எடையில் மிகச் சிறிய பங்கு. முழுக் குருணையை நிறுத்துப் பார்த்தால் அந்தப் பங்கின் நடத்தை, நடுவில் உள்ள யூரியாவின் எடைக்குள் அமுங்கிப் போகும்.

அதனால் கட்டியை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, ஒட்டிய குருணைகளை மெல்லப் பிரித்தோம். இரண்டுக்கும் நடுவே ஒரு கழுத்து தெரிந்தது. குருணையின் மேற்பரப்பு மங்கலான வெள்ளை, கழுத்து மட்டும் கண்ணாடித் தன்மையோடு, நுண்ணிய ஊசிப் படிகங்கள் பின்னி வளர்ந்தது போல இருந்தது. கரைந்து மீண்டும் படிகமான பொருளின் அடையாளம் அது. அந்தக் கழுத்துகளை ஊசிமுனையால் சுரண்டிச் சேர்த்தோம். மூட்டையின் அடியில் தங்கிய தூளைத் தனியாகச் சலித்தும் எடுத்தோம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக டிவிஎஸ்ஸில் ஓட்டினோம்.

10 சதவீதத்தில் ஒன்றுமில்லை. 20 சதவீதப் படியிலேயே எடை ஏறியது. சிறிய ஏற்றம்தான், ஆனால் தராசின் நடுக்கத்தைவிடத் தெளிவாகப் பெரியது. 30, 40, 50 என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. 70க்கு மேல் யூரியாவின் வழக்கமான பாய்ச்சல். நல்ல தொகுதியின் தூள் இப்படி எதையும் செய்யவில்லை.

18.1

யூரியா தனியாக 72.5, அம்மோனியம் நைட்ரேட் தனியாக 59.4. இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் 30 டிகிரியில் மாறுநிலை ஈரப்பதம் 18.1 சதவீதம். உர வேதியியலில் இவ்வளவு பெரிய வீழ்ச்சி வேறு பொதுவான ஜோடி எதிலும் எனக்குத் தெரிந்து இல்லை. யூரியாவோடு பொட்டாஷ் சேர்ந்தால்கூட 60.3 வரைதான் இறங்கும்.

இரண்டு பொருட்கள் ஒரே நீரில் கரையும்போது, கரைசலில் கரைந்த பொருள் கூடுகிறது, நீரின் பங்கு குறைகிறது, அதன் மேல் நீராவி அழுத்தமும் குறைகிறது. எனவே முன்பைவிட வறண்ட காற்றிலிருந்தே அந்தக் கரைசல் நீரை இழுக்கும். யூரியாவும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒன்றின் துணையில் மற்றொன்று அசாதாரணமாகக் கரையும். இதைப் பயன்படுத்தித்தான் யூஏஎன் என்ற திரவ உரமே செய்கிறார்கள். 32 சதவீத நைட்ரஜன் உள்ள யூஏஎன்னில் சுமார் 45 பங்கு அம்மோனியம் நைட்ரேட், 35 பங்கு யூரியா, வெறும் 20 பங்கு தண்ணீர். அத்தனை திண்மத்தையும் திரவமாக வைத்திருக்க அந்த 20 பங்கு போதும். திரவ உரத்தில் வரமாக இருக்கும் இதே குணம்தான் மூட்டையில் சாபமாகிறது.

20 சதவீதப் படியில் ஏறிய கோடு கிட்டத்தட்டப் பெயரையே சொல்லிவிட்டது. ஆனால் டிவிஎஸ் வேதிப்பொருளை அடையாளம் காணும் கருவி அல்ல, அது எடையை மட்டும் பார்க்கும். அதனால் தனிச் சாட்சி வேண்டும். அடர் கந்தக அமிலத்தில் கரைத்த டைஃபினைல் அமீனை நைட்ரேட் சோதனைக்குப் பயன்படுத்துவது பழைய வழக்கம். யூரியாவில் நைட்ரேட் கிடையாது. நல்ல தொகுதியின் தூளில் ஒரு துளி விட்டோம், நிறம் மாறவில்லை. கழுத்திலிருந்து சுரண்டிய பொடியில் விட்டோம், அடர் நீலம்! முழுக் குருணையைப் பிளந்து உட்பகுதியில் விட்டோம், அங்கே நீலம் இல்லை. நைட்ரேட் குருணைக்கு வெளியே மட்டும்தான். யூரியா தயாராகும் இடத்தில் அது கலக்கவில்லை, பிற்பாடு மேலே ஒட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு கைமாறிய வழியைத் தேடுவது கடினமாக இல்லை. இரண்டாவது தொகுதி மூட்டையானதற்கு முன், அதே வாளி ஏற்றி (வரிசையான வாளிகளால் உரத்தை மேலே தூக்கும் இயந்திரம்) வழியாக அம்மோனியம் நைட்ரேட் உள்ள உரம் போயிருந்தது. ஏற்றியைப் பெருக்கியிருந்தார்கள். வாளிகளின் மடிப்பிலும் தொட்டியின் மூலையிலும் படிந்திருந்த தூள் மட்டும் போகவில்லை. அங்கிருந்து எடுத்த தூளும் நீலமானது.

இவ்வளவு சிறிய அழுக்கு எப்படி மூட்டையை இறுக்கும்?

இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். குருணையின் மேல் துகளாக ஒட்டிய அம்மோனியம் நைட்ரேட், 18 சதவீதத்துக்கு மேலான எந்தக் காற்றிலும் தன்னைச் சுற்றியுள்ள யூரியாவையும் கரைத்துக்கொண்டு திரவப் படலமாகிவிடும். கிடங்குக் காற்று அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஆக, அந்தப் படலம் ஒருபோதும் காயவில்லை. ஈரப்பதம் கூடினால் படலம் பெருகி அதிக யூரியாவைக் கரைக்கும், குறைந்தால் சுருங்கி யூரியாவைத் திரும்பப் படிகமாகக் கொட்டும். கொட்டும் இடம் பெரும்பாலும் இரண்டு குருணைகள் தொடும் இடுக்கு, ஏனென்றால் நுண்துளை ஈர்ப்பால் திரவம் அங்கேதான் ஒதுங்கி நிற்கும்.

வெப்பநிலையும் இதே வேலையைச் செய்யும். 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 108 கிராம் யூரியா கரையும், 40 டிகிரியில் 160 கிராமைத் தாண்டும். பகலில் சூடாகி இரவில் குளிரும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் யூரியா கரைந்து கொஞ்சம் படிகமாகும், கழுத்து தடிக்கும். அழுக்கு செலவாவதில்லை. அதே நைட்ரேட் மறுநாளும் அதே வேலைக்கு இருக்கிறது. அளவு சிறிதாக இருந்தும் விளைவு பெரிதானதற்கு இதுதான் காரணம்.

டிவிஎஸ்ஸில் ஈரப்பதத்தைத் திரும்ப இறக்கிக்கொண்டு வந்தபோது இதற்கு இன்னொரு ஆதாரமும் கிடைத்தது. தூள் மாதிரியின் இறங்கு கோடு ஏறு கோட்டின் மேல் படியவில்லை. 18க்குக் கீழே போன பிறகும் கொஞ்ச நேரம் நீரைப் பிடித்து வைத்திருந்தது. தெவிட்டிய கரைசல் படிகமாகத் தயங்கி, மிகைத் தெவிட்டிய திரவமாகவே நிற்பதன் அடையாளம் அது. ஒருமுறை நனைந்த மூட்டையை உலர் அறைக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று எண்ணுபவர்கள் இந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். அப்படியே முழுதாக உலர்ந்தாலும் கழுத்துகள் கெட்டிப்படும், கரைந்து போகாது.

கருவி இல்லாதவர்களுக்கு

டிவிஎஸ் எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. ஆனால் முடிவை உறுதிசெய்ய நாங்கள் செய்த கடைசிச் சோதனைக்கு அது தேவைப்படவில்லை. டெசிக்கேட்டரின், அதாவது காற்றுப் புகாமல் மூடிய கண்ணாடிக் கலத்தின், அடியில் மெக்னீசியம் நைட்ரேட்டின் தெவிட்டிய கரைசலை ஊற்றினால், 25 டிகிரியில் உள்ளே ஈரப்பதம் 53 சதவீதத்தை ஒட்டி நிலைபெறும். கரைசலில் கரையாத உப்பு எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் நழுவிவிடும். இரண்டு சிறு கிண்ணங்களில் நல்ல தொகுதியின் குருணைகளை எடுத்துக்கொண்டோம். ஒன்றில் மட்டும் ஆய்வக அம்மோனியம் நைட்ரேட்டைச் சிட்டிகைக்கும் குறைவாகத் தூவிக் குலுக்கினோம். இரண்டின் மேலும் ஒரே எடையை வைத்து உள்ளே விட்டோம். வெளியே எடுத்துக் கவிழ்த்தபோது தூவாத கிண்ணத்தில் இருந்தவை உருண்டு ஓடின. தூவிய கிண்ணத்தில் இருந்தவை கிண்ணத்தின் வடிவத்திலேயே நின்றன.

வேறு ஈரப்பதம் வேண்டுமென்றால் லித்தியம் குளோரைடு 11, மெக்னீசியம் குளோரைடு 33, சோடியம் குளோரைடு 75, பொட்டாசியம் குளோரைடு 84 எனக் கரைசலை மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் 25 டிகிரிக்கான சதவீதம். நாளாகும், ஆனால் தராசும் பொறுமையும் இருந்தால் போதும்.

இதே அணுகுமுறையைப் பூச்சிக்கொல்லிகளுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. நீரில் பரவும் குருணை மருந்துகளில் லிக்னோசல்ஃபோனேட் போன்ற பரப்பும் பொருட்கள் இருக்கும். அவை படிகமல்ல. கூர்மையான எல்லை இல்லாமல் தொடக்கத்திலிருந்தே நீரை ஏற்று மென்மையாகும். அங்கே கோட்டில் திருப்புமுனையைத் தேடினால் கிடைக்காது. குருணை எந்த இடத்தில் ஒட்டத் தொடங்குகிறது, தண்ணீரில் போட்டால் எவ்வளவு பரவுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அலுமினியம் பாஸ்ஃபைடை இந்தக் கருவியில் வைக்கவே கூடாது. அது ஈரத்தோடு வினைபுரிந்து நச்சு வாயுவான பாஸ்ஃபீனை வெளியிடும்.

இந்த நிகழ்வுக்குப் பிறகு வாளி ஏற்றியைப் பெருக்குவதோடு நிறுத்தாமல், உலர்ந்த சுண்ணாம்புக்கல் குருணையை ஓடவிட்டுக் கழித்து, தொட்டி மூலையில் நீலச் சோதனை செய்த பிறகே யூரியாவை ஏற்றுகிறார்கள். மாதிரி எடுப்பதிலும் ஒரு மாற்றம்: சலித்த தூள் தனிக் குப்பியில் வருகிறது, கார்ல் ஃபிஷர் எண்ணோடு அதன் 20, 50 சதவீத ஈரப்பத எடையேற்றமும் பதிவாகிறது. கட்டியான மூட்டைகளை உருளை ஆலையில் அழுத்தி உடைத்துச் சலித்தார்கள். அதை மறுபடி அடுக்கி வைத்தால் மறுபடி இறுகும், ஏனென்றால் நைட்ரேட் இன்னும் அதில்தான் இருக்கிறது. அதனால் சேமிப்புக்கு அனுப்பாமல், உடனே தண்ணீரில் கரைத்து இடும் பயன்பாட்டுக்கு அந்தத் தொகுதி முழுவதும் போனது.